சங்கத்திற்கு எந்த மடிக்கணினி?

சங்கக் கணக்கிற்கு மடிக்கணினி புதியதா, பழையதா என நிர்வாகக் குழுவினர் நம்மை வினவுகின்றனர். பழைய தறி வாங்கும் நெசவாளர் விலையில் மயங்கார். படைமரம் கோணலா என்றே பார்ப்பார். இங்கும் அவ்வாறே.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் வகையில், பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரேனும் வேண்டும். அதற்கு முந்தியது எத்துணை மலிவாயினும் அங்கத்தினர் கணக்கை அதனிடம் ஒப்படைத்தல் தகாது.

தனியாரிடம் கைமாற்றாக வாங்கினால் பழுதுக்குப் பொறுப்பேற்பார் இல்லை. ஆகவே, புதியதற்கு நிதி இடந்தராவிடில், செப்பனிட்டதையே, ரசீதும் எழுத்து மூலமான உத்தரவாதமும் பெற்று, பேட்டரியைச் சோதித்து வாங்குக. செலவாவது அங்கத்தினரின் பணம் என்பதை மறவாதிருப்போமாக.