ஷிப்ட் பார்த்து வைத்த ஆண்டு விழா

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நாள் குறிக்க உங்கள் ஊரில் எதையெல்லாம் பார்ப்பார்கள்? பரீட்சை முடிந்ததா, மழை நின்றதா, சிறப்பு விருந்தினருக்குத் தோதுப்படுமா? ஒரகடம் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

நான் சம்பளம் வாங்கும் டீச்சர் இல்லை. கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, 2021-ல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது அல்லவா? அதில் தன்னார்வலராகச் சேர்ந்தவள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பிள்ளைகளுக்கு நான் ‘அக்கா’. ஹெச்.எம். மட்டும் ‘டீச்சர்’ என்பார். அப்படிக் கூப்பிட்டால் ஏதோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம். 2023 ஜனவரியில் வந்த வேலை, ஆண்டு விழாக் கலை நிகழ்ச்சி.

மாலை 4 மணிக்கு விழா. பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால், பாதி நாற்காலிகள் காலி. கும்மியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஒவ்வொரு சுற்றிலும் கேட்டைப் பார்த்துத் திரும்பி, தாளத்தை விட்டாள். இறங்கி வந்ததும் அதட்டினேன்.

“அம்மா ரெண்டு மணி ஷிப்ட்டுக்கா. வரமாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் பார்த்தேன்” என்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன், ஒரகடத்தில் கார், லாரி, பைக், டயர் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். கம்பெனிக்குக் கம்பெனி நேரம் கொஞ்சம் மாறும் என்றாலும், பொதுவாகக் காலை 6 மணி முதல் 2 வரை ஒரு ஷிப்ட், 2 முதல் 10 வரை ஒன்று, ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒன்று. பல இடங்களில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ‘மாலை 4 மணி, அனைவரும் வருக’ என்று நோட்டீஸ் அடித்தால், அந்த ‘அனைவரும்’ யார்?

அடுத்த வருஷம் நோட்டில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்பா, அம்மா ஷிப்ட்டைக் கேட்டு எழுதினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, ஒத்திகை எல்லாம் அப்படியே நின்றது. அரையாண்டு விடுமுறை முடிந்து, பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஒருநாள் கிடைத்தது. ஒருவழியாக மார்கழியைத் தாண்டவில்லை!

“ரெண்டு தடவை நடத்தலாம் சார்” என்றேன்.

“மைக் செட்டுக்கு யார் டீச்சர் காசு தருவா?” என்றார் ஹெச்.எம்.

“ஒரே நாள் வாடகைதான் சார். எப்படியும் காலையில டிரஸ் போட்டு ஒத்திகை பார்ப்போம். அதையே விழாவா வெச்சுக்கலாம். மெட்ராஸ் சபாவுல மார்கழிக் கச்சேரி காலையிலேயே ஆரம்பிச்சுடுறாங்களே!”

சிரித்துவிட்டார். காலை 10.30-க்கு ஒன்று, மாலை 5-க்கு ஒன்று என முடிவானது.

இன்னொரு சிக்கல், பாட்டு. ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகளில் சிலருக்குத் தமிழ் இன்னும் வாயில் நுழையவில்லை. அவர்களை ஒயிலாட்டத்தில் சேர்த்தேன். கையில் கைக்குட்டை, வரிசை, காலடி. அதற்கு எந்தப் பாஷை வேண்டும்? வீட்டில் அவரவர் பாஷையில் அழைப்பைச் சொல்ல வேண்டியதும் அவர்கள் பொறுப்பு.

காலை 10 மணிக்கே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து, தூங்காத கண்ணோடு சில அப்பாக்கள். மதிய ஷிப்ட்டுக்குத் தயாராக, யூனிஃபார்மும் கழுத்தில் ஐ.டி. கார்டுமாகச் சில அம்மாக்கள். அதில் அந்தக் கும்மிப் பெண்ணின் அம்மாவும் இருந்தார். ஒரு மணிக்கு அவருக்குக் கம்பெனி பஸ். பெண் இப்போது ஏழாம் வகுப்பு. ஒரு அடிகூடத் தப்பவில்லை. அம்மா இல்லாத மாலை விழாவிலும் தப்பவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காண்ட்ராக்ட் வேலையில் ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போய்விடும். இரண்டு விழாவுக்குமே வீட்டிலிருந்து யாரும் வராத பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களுக்காக முன்வரிசையில் சத்துணவு ஆயாவை உட்காரவைத்தேன். ஒவ்வொருத்தர் பெயரையும் சொல்லிக் கைதட்டினார். அது போதாதுதான். ஆனாலும் அந்த நால்வரும் மேடையிலிருந்து அவரைத்தான் பார்த்தார்கள்.

உங்கள் ஊரிலும் ஆண்டு விழா வரும். நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “உங்க வீட்டுல யாரு, எத்தனை மணிக்கு வேலைக்குப் போறாங்க?”