கடாரம் மேடையில் இல்லை

மலேசியத் தமிழ் மேடை எதுவானாலும் சரி, பத்தாவது நிமிடத்தில் ராஜேந்திர சோழன் கப்பலில் வந்து இறங்கிவிடுவார். 1025, கடாரம் கொண்டான், கைதட்டல். அப்புறம் பொன்னாடை, மாலை, மீகூன். எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவோம்.

2013 டிசம்பரில், பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தி வெளியே தெரிந்தது. 1930களில் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்து பதிவு செய்த கோயில் அது. நிலம் தனியாருடையது, மரபுத் தளமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை. ஃபேஸ்புக்கில் கொதித்தோம். கோபம் நியாயம்தான். ஆனால் இடிபடுவதற்கு முந்தின மாதம் அந்த இடத்துக்குப் போய் அளந்து, படமெடுத்து வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

"அதெல்லாம் நிபுணர் வேலை" என்பது சௌகரியமான பதில். 1840களில் கெடாவின் இடிபாடுகளைத் தேடி எழுதிய ஜேம்ஸ் லோ கம்பெனிப் படை அதிகாரி. சிங்கப்பூரில் 1984இல் ஃபோர்ட் கேன்னிங் குன்றில் ஜான் மிக்சிக் தொடங்கிய அகழ்வுப் பணிகளிலும், 2015 எம்பிரஸ் பிளேஸ் அகழ்விலும் தன்னார்வலர்களின் உழைப்பு இருக்கிறது. மண் சலிக்க, பானையோடு கழுவ, எண் எழுத முனைவர் பட்டம் தேவையில்லை. பொறுமை வேண்டும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

மண்வெட்டியோடு கிளம்பச் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அகழ்வுக்கு அனுமதி வேண்டும். அது சரிதான். கலைத்த மண்ணடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது. நான் சொல்வது தோண்டாத வேலை: நிலத்தை வரிசையாக நடந்து பார்ப்பது, ஜிபிஎஸ் புள்ளி குறிப்பது, அளவுகோல் வைத்துப் படமெடுப்பது, பழைய செங்கல் கண்ணில் பட்டால் தொடாமல் துறைக்குத் தெரிவிப்பது. சிவில் படித்தவர்கள் டோட்டல் ஸ்டேஷன் பிடித்துப் பழகியவர்கள்தானே? அந்தப் பயிற்சி முழுக்கக் கொண்டோ கட்டவே செலவாகிறது.

தடை ஆர்வமின்மை மட்டுமல்ல, காசும்தான். பகுதி நேர வேலை செய்து படிக்கிற பையன் இரண்டு வாரம் சம்பளமில்லாமல் வெயிலில் நிற்க முடியாது. பஸ், தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி, இதையெல்லாம் யாராவது ஏற்காவிட்டால் தொல்லியல் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகத்தான் இருக்கும். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அகழ்ந்து, பழைய இரும்பு உருக்கு உலைகளை வெளிக்கொண்டுவந்த சுங்கை பத்து ஒரு தோட்ட நிலம். அந்த மாதிரி தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் துறைக்குள் வர வழி கிடையாது என்றால் யாருக்கு வெட்கம்?

ஆகவே, ஆண்டு விருந்து நடத்தும் சங்கங்களிடம் ஒரே கோரிக்கை. ஒரு வருடம் விருந்தை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் பத்து இளைஞர்களைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் களப்பயிற்சிக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் கண்டதைத் தமிழில் எழுதித் தரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனையாக இருக்கட்டும். "சோழர் பெருமையை நிரூபி" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்த மண்ணில் பௌத்தம் இருக்கிறது, சீனப் பீங்கான் இருக்கிறது, உள்ளூர்க்காரன் உருக்கிய இரும்பும் இருக்கிறது. நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கினால், நம் வரலாற்றை மறைக்கிறார்கள் என்று அடுத்தவரைத் திட்ட நமக்கு யோக்கியதை இருக்காது.

அடுத்த சண்டியும் ஏதாவதொரு தனியார் நிலத்தில் புதருக்குள் கிடக்கலாம். புல்டோசர் வருவதற்குள் அதைக் குறித்து வைக்கத் தெரிந்த ஆட்கள் நமக்கு வேண்டும்.