சிங்கப்பூரில் உத்தியோகம், குழந்தைக்கு எந்தப் பள்ளி?

சிங்கப்பூரில் தகப்பனாருக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது, வீடும் பார்த்தாயிற்று. அடுத்து எழுவதுதான் பெரிய பிரச்னை: குழந்தையை எங்கே சேர்ப்பது?

பெரும்பாலோர் முன் உள்ள வழிகள் இரண்டு. ஒன்று, அரசாங்கப் பள்ளி. போதனா மொழி ஆங்கிலம். ஆட்சி மொழிகள் 4-இல் ஒன்றான தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். ஆனால் முதல் உரிமை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே. முதல் வகுப்பில் வெளிநாட்டுக் குழந்தைகளின் முறை கடைசிக் கட்டத்தில்தான் வரும். மேல் வகுப்புகளுக்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நுழைவுத் தேர்வு உண்டு. தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் சேர்க்கை. குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளிச் சம்பளம் இல்லை. இவர்களோ மாதந்தோறும் கட்ட வேண்டும்.

மற்றது, இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் தனியார் பள்ளி. செலவு அதிகம். எனினும், மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடம் படிக்கும் பிள்ளை சென்னைக்குத் திரும்பினாலும் அதையே தொடரலாம்.

ஆகவே, பார்க்க வேண்டியது தங்கப்போகும் காலத்தை. இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தமென்றால் இந்தியப் பாடத்திட்டமே நலம். வேரூன்றும் எண்ணமிருந்தால், குழந்தை சிறு வயதினதாக இருக்கும்போதே அரசாங்கப் பள்ளிக்கு முயல வேண்டும். அங்கே ஆறாம் வகுப்பு முடிவில் நடக்கும் பொதுத் தேர்வே மேற்படிப்பின் பாதையைத் தீர்மானிக்கிறது. பள்ளிச் செலவை முதலாளி ஏற்பாரா என்பதை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிறகு கேட்டுப் பயனில்லை.