பிப்ரவரி 30 அன்று அம்பையில் மழை இல்லை

தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீங்க. அம்பாசமுத்திரம் மழைமானியின் ஒரு வருஷ டேட்டாவை 12 வரிசை, 31 காலம் என்று சி ஷார்ப்பில் மல்டி டைமென்ஷனல் அரேயா டிக்ளேர் பண்ணினா, உங்க ப்ரோகிராம் இதைத்தான் சொல்லும். 12-ஐ 31-ஆல பெருக்கினா 372 கட்டம். வருஷத்துக்கு 365 நாள். மிச்ச 7 கட்டத்துல நீங்க எதுவும் போடலைன்னாலும் 0 உட்கார்ந்திருக்கும். மழைக் கணக்கில் 0 என்றால் காலி இடம் இல்லை, 'அன்னைக்கு மழை பெய்யலை' என்கிற தகவல்.

ஏழு கட்டம்தானேன்னு விட்டுடாதீங்க. பிப்ரவரி மொத்த மழை 28 மி.மீ.ன்னு வைங்க. சராசரி நாளைக்கு 1 மி.மீ. அதையே 31-ஆல வகுத்தா 0.9 தான். மழையில்லா நாட்களை எண்ணினா மூணு நாள் சும்மா கூடும்.

அதனால என் கட்சி ஜாக்டு அரே. டெக்ஸ்ட் ஃபைல்ல ஒரு வரிக்கு ஒரு மாசம் இருக்கு. வரியைப் படிச்சு, ஸ்பிளிட் பண்ணி, வர்ற எண்களை ஒரு தனி அரேயாக்கி லிஸ்ட்டில் சேர்த்துடுங்க. பிப்ரவரிக்கு 28, மார்ச்சுக்கு 31, அவ்வளவுதான். எத்தனை வரி இருக்குன்னு முன்கூட்டியே தெரிய வேண்டியதும் இல்லை. ஒரு வரிசையை உருவாக்க மறந்தா நல் ரெஃபரன்ஸ் எரர் வரும். வரட்டுமே! கத்திக் காட்டிக்கொடுக்கிற தப்பு, 0 வேஷம் போட்ட தப்பை விட எவ்வளவோ மேல். (ஜாக்டுதான் வேகம்னும் சொல்வாங்க. 372 எண்ணுக்கு வேகம் பேசுறது வெட்டி வேலை.)

மல்டி டைமென்ஷனலே வேண்டாம்னு சொல்லலை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூணு அணைகளோட தினசரி நீர்மட்டத்தை எடுத்துக்கோங்க. முழு மட்டம் 143, 156, 118 அடி. தினமும் வரிக்கு மூணு எண்தான் வரணும், ரெண்டு வந்தா ஃபைலே தப்பு. அங்க கமா போட்ட அரே சரியா பொருந்தும்.

ஆனா ஜாக்டு போட்டாச்சு, இனி தூங்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. ஒரு பேச்சுக்கு, உங்க ஃபைலோட டிசம்பர் வரியில் 10-ம் தேதி இடம் காலியா இருக்குன்னு வைங்க. காலி இடங்களை நீக்கிடுன்னு ஸ்பிளிட்டுக்குச் சொன்னா, பின்னாடி இருக்கிற எல்லாமே ஒரு இடம் முன்னாடி நகரும். 18-ம் தேதி மழை 17-க்குப் போயிடும். அணைத் திறப்போட ஒப்பிட்டு ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கு மொத்த முடிவும் காலி. ஜாக்டு அரே இதுக்கு மூச்சே விடாது. 30 எண் கொண்ட டிசம்பரை அப்படியே ஏத்துக்கும்.

காலியை நீக்காம, அந்த இடத்துல டபுள் வகையோட 'நான்' மதிப்பைப் போடுங்க. எண் இல்லைன்னு அர்த்தம். (தமிழ்ல எழுதினா வேற மாதிரி ஆயிடுது, என்ன செய்ய.) அதோட எதைக் கூட்டினாலும் விடையும் அதுவே வரும், அதனால கவனிக்காம தாண்ட முடியாது.

பைத்தான் ஆட்களும் சிரிக்க வேண்டாம். நம்பை 1.24-லிருந்து சமமில்லாத வரிசைகளைக் கொடுத்தாலே எரர் தரும். உடனே 0 போட்டு நிரப்பினா திரும்பவும் பிப்ரவரி 30 தான்.

ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு செக் மட்டும் சேருங்க: ஒவ்வொரு வரிசையின் நீளமும் அந்த மாசத்துக்கு 'டேஸ் இன் மன்த்' தர்ற எண்ணும் ஒண்ணா? இல்லைன்னா வரி எண்ணைக் காட்டி ப்ரோகிராமை அங்கேயே நிறுத்திடுங்க.