ஏரிக்கரை மனைகள்

ஏரியைப் பார்த்த மனை என்பது புதுச்சேரிக் கிராமங்களில் தனி விலை பெற்ற சரக்காகிவிட்டது. வில்லியனூர் கொம்யூனில் ஊசுட்டேரியை அடுத்தும், பாகூர் கொம்யூனில் பாகூர் ஏரியை அடுத்தும் சதுர அடிக் கணக்கில் நிலம் பேசப்படுகிறது. வாங்க வருகிறவர்கள் தனவந்தர்கள் மட்டுமல்லர். பென்ஷன் தொகையைக் கையில் வைத்திருக்கும் உபாத்தியாயர், பிரான்சில் உழைத்துச் சேர்த்த சொல்தா வீட்டுப் பிள்ளை, சென்னை இரைச்சலிலிருந்து மாதத்தில் இரண்டு நாளேனும் தப்ப நினைக்கும் உத்தியோகஸ்தர் ஆகியோரும் முன்பணம் கொடுக்கிறார்கள். தண்ணீரும் பறவைகளும் கண்ணெதிரே தெரிய ஒரு சிறு வீடு கட்டி வாழவேண்டும் என்ற அவர்களுடைய ஆசையை நாம் குறை கூறவில்லை. அந்த ஆசைக்கு அவர்கள் கொடுக்கும் விலை பலருக்கு ஆயுட்காலச் சேமிப்பு முழுவதுமாக இருப்பதால், பத்திரம் எழுதுமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நாமே கேட்டுவைக்கிறோம். நமது ஏரிகளுக்கு விற்கத்தக்க முகப்பு என்று ஒரு பக்கம் உண்டா?

மேல்நாட்டில் உண்டு. கனடா தேசத்தின் ஒண்டாரியோ மாகாணத்தில் மஸ்கோக்கா என்ற பிரதேசம் ஏரிக்கரைக் குடில்களுக்குப் பேர்போனது. கோடைக்கு அங்கே ஒரு குடில் வைத்திருப்பது பல குடும்பங்களின் நெடுநாள் கனவு. அந்த ஏரிகள் பூர்வ காலத்தில் பனிப்பாறைகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள். எந்த ஊரார் வயலுக்கும் நீர்க்கடன் பட்டவை அல்ல. ஆயினும் அங்கேகூட, ஆதி நில அளவையின்போது பல ஏரிகளைச் சுற்றி 66 அடி அகலத்தைப் பொதுப் பாதைக்கென்று சர்க்கார் ஒதுக்கி வைத்தது. மனை வாங்குகிறவர் தமது பத்திரம் தண்ணீர்வரை செல்கிறதா, 66 அடிக்கு முன்பே நின்றுவிடுகிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எண்ணுகிறார். அந்தக் கீற்றை ஸ்தல ஸ்தாபனத்தினிடம் தனியே விலைக்கு வாங்கவேண்டிய நிர்ப்பந்தமும் நேரிடுவதுண்டு.

நமது ஏரியின் விஷயம் முற்றிலும் வேறு. மழைநீர் ஓடிவரும் சரிவை மறித்து, பிறை வடிவில் மண்ணைக் கொட்டி, மனிதர் உண்டாக்கியது அது. நீரைக் கொண்டுவரும் வரத்து வாய்க்கால், நீர் பரந்து நிற்கும் உள்வாய், அதைத் தாங்கும் கரை, கரையிலுள்ள மதகு, மிகுந்த நீர் வழியும் கலங்கல், மதகுக்குக் கீழே பாய்ச்சல் பெறும் ஆயக்கட்டு ஆகிய இவ்வளவும் சேர்ந்ததே ஏரி. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணியிலிருந்து வாய்க்கால் வழியாக வருகிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. பாகூரில் கிடைத்த செப்பேடுகள், 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் அவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதைச் சொல்லுகின்றன. வயலின் விளைவைக் கொண்டு ஒரு கலாசாலையை நடத்திய ஊர் அது.

இப்படிப்பட்ட ஏரியின் எந்தப் பக்கத்தில் மனை வாங்குவது? கரைக்குக் கீழ்ப்புறம் வாங்குகிறவர் ஆயக்கட்டு நஞ்சையை வாங்குகிறார். ஏரி நிறைந்திருக்கையில் அவருடைய தரை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். கரையின் அடியில் எப்பொழுதும் கசிவு உண்டு. நெல்லுக்கு அது நல்லது, அஸ்திவாரத்துக்கு நல்லதன்று. கரை உடைந்தால் முதல் வீடும் அதுவே. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கீழ்ப்புறத்து வீட்டின் திண்ணையிலிருந்து பார்த்தால் ஏரி தெரியாது, மண்மேடுதான் தெரியும். ஏரிக்காட்சிக்கென்று தனி விலை கொடுத்தவர் மாடி எழுப்பி அதன்மேல் ஏறிப் பார்த்தால், தண்ணீர் தமது கூடத்தைவிட உயரத்தில் நிற்பதைக் கண்டுகொள்வார்.

எதிர்ப்புறமான உள்வாயில் கரையே கிடையாது. நிலம் மிக மெல்லச் சரிவதால், ஒரு முழம் நீர் ஏறினாலும் ஏரியின் விளிம்பு வெகுதூரம் நகர்ந்துவிடும். தரகர்கள் பங்குனி, சித்திரையில் அழைத்துச் சென்று காட்டுவது இந்த இடத்தைத்தான். மண் வெடித்து உலர்ந்து கிடக்கும். தண்ணீர் தூரத்தில் அழகாக மின்னும். கார்த்திகையில் அதே மனையில் தாமரைக்கோழி நீந்தும். இங்கே பட்டா நிலமும் புறம்போக்கும் அடுத்தடுத்துக் கிடப்பது குழப்பத்தை இன்னும் அதிகமாக்குகிறது. கலங்கலுக்குக் கீழுள்ள ஓடையோரத்தைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே எழுப்பும் சுவர், வழிய வேண்டிய வெள்ளத்தை மேலே உள்ளவர் வீட்டுக்குத் திருப்பிவிடும்.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரியை அடுத்துக் கரையேறிய பெஞ்சல் புயல் இந்தப் பாடத்தை விளக்கமாகவே நடத்திற்று. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அடுத்த இரண்டு நாட்களுக்குள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை பெருகிப் பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. வீடூர் அணை திறக்கப்பட்டுச் சங்கராபரணியும் கரைபுரண்டது. அத்தகைய வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்வதற்கும் ஏரி வேண்டும்.

சட்டத்தை நம்பி மனை வாங்குகிறோம் என்று சொல்லுகிறவர்களுக்கு, சட்டம் உள்ளபடி எப்படி இருக்கிறது என்பதைக் கூறிவைப்பது நமது கடமை. ஊசுட்டேரி சுமார் 800 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ளது. ஏறக்குறைய பாதி புதுச்சேரியிலும், மீதி தமிழ்நாட்டின் வானூர் வட்டத்திலும் கிடக்கிறது. புதுச்சேரி சர்க்கார் தன் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக்கியது. தமிழ்நாடும் பிற்பாடு தன் பகுதியை அவ்வாறே அறிவித்தது. ஆகவே அங்கே 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது. பாகூர் ஏரிக்கோ மற்றச் சிற்றேரிகளுக்கோ அந்தக் காவல் இல்லை. சதுப்பு நிலங்களைக் காப்பதற்கென்று மத்திய சர்க்கார் 2017-இல் செய்த விதிகள், பத்து வருஷத்துச் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்று தடுக்கின்றன. விதி நல்ல விதிதான். ஆனால் பாசனத்துக்கென்றும் குடிநீருக்கென்றும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை அதே விதிகள் தம் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஏரி என்பதே பாசனத்துக்காக மனிதர் கட்டியதுதானே! இயற்கையாய் உண்டான பள்ளத்துக்கு ஐம்பது மீட்டர் மரியாதை. பாட்டன்மார் கூடை கூடையாய் மண் சுமந்து கட்டியதற்கு அதுவும் இல்லை. தில்லியில் விதி எழுதிய கனவான்களுக்கு நமது தென்னாட்டு ஏரி நினைவில் இல்லை என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

பத்திரம் பதிவாகிவிட்டது, இனி என்ன பயம் என்பார் பலர். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கிறதேயன்றி, விற்றவருக்கு உரிமை இருந்ததா என்று விசாரிப்பதில்லை. அப்படி விசாரிக்கும் அதிகாரம் ஸப்-ரிஜிஸ்திராருக்குக் கிடையாது என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகக் கூறி, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தது. வீட்டுவரி ரசீது வரி கட்டியதற்கு மட்டுமே அத்தாட்சி. மின்சாரக் கம்பி வந்துவிட்டது என்பது கம்பி வந்ததற்கு அத்தாட்சி. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தின்மேல் வீடு கட்டியவர்கள் கிரயம் கட்டி அதை வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை அதே கோர்ட்டு ஏற்க மறுத்தது. கிராமப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா ராஜ்யங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உத்தரவிட்டது. கொச்சியை அடுத்த மரடில் காயலோரமாய் எழுந்த நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களின் கதியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்ட அனுமதி கொடுத்தது அவ்வூர்ப் பஞ்சாயத்தே. ஆயினும் கடற்கரை ஒழுங்கு விதிகளை மீறியவை என்று 2019 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்து அவை தகர்க்கப்பட்டன. முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள்! கையெழுத்திட்ட அதிகாரியின் வீடு எங்கோ பத்திரமாக நிற்க, பணம் கொடுத்தவர்களின் வீடு சில விநாடிகளில் புழுதியாயிற்று.

சர்க்காரே வழிகாட்டினால் தனி மனிதரைக் குறை கூறுவதெப்படி என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சென்னையில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஏரிப் பார்வைச் சாலை என்று பொருள்படும் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது, பார்க்க ஏரிதான் இல்லை. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் போட்ட மனைப் பிரிவுக்கு ‘ஏரித் திட்டம்’ என்றே பெயர். மதுரையில் ஹைக்கோர்ட்டுக் கிளை அமர்ந்திருப்பது உலகனேரியில். நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை அந்தக் கட்டடத்துக்குள்ளிருந்தே விசாரிக்க வேண்டியிருப்பதைப் பற்றி நாம் விமர்சனம் செய்யத் துணியவில்லை.

இனி, நிலத்தை விற்கிற குடியானவரைப் பழிப்பது சுலபம். நாம் அதைச் செய்யமாட்டோம். விதை, உரம், கூலி எல்லாம் ஏற, நெல் விலை மட்டும் பின்னால் நடந்துவருகையில், ஒரு காணியை விற்றுப் பெண்ணைக் கரையேற்றுகிறவரிடம் தேசபக்தி பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு நிலம் மனையாகும்போது நடப்பது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் வரப்போரம் சென்ற கண்ணி வாய்க்கால் மூடப்படுகிறது. அடுத்த நிலத்துக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. அவர் ஆழ்குழாய்க் கிணறு போட்டுப் பார்க்கிறார். பாகூர்ப் பக்கத்தில் கடல் அருகிலிருப்பதால் உப்பு ஏறும் அபாயம் வேறு. பின்பு அவரும் விற்கிறார்.

இதனினும் பெரிய மாறுதல் ஒன்று மெல்ல நிகழ்கிறது. ஏரி நிறையவேண்டும் என்று விரும்புகிறவர் ஆயக்கட்டுக்காரர். ஏரி நிறையக்கூடாது என்று விரும்புகிறவர் உள்வாயில் வீடு கட்டியவர். மழைக்காலம் வந்ததும் முதலாமவர் கலங்கலைக் காக்க ஓடுவார். இரண்டாமவர் மதகைத் திறந்துவிடு, கலங்கலைத் தாழ்த்து என்று மனுப்போடுவார். வீடுகள் பெருகப் பெருக இரண்டாமவர் வோட்டும் பெருகும். ஏரி யாருக்காக வெட்டப்பட்டதோ அவர்களுடைய குரல் எடுபடாமற் போகும். புதுச்சேரி நகரத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட வேல்ராம்பட்டு ஏரியையும் கனகன் ஏரியையும் பார்த்தவர்களுக்கு இது கற்பனையாகத் தோன்றாது. நகரவாசிகள் இதைக் கிராமத்தார் தகராறு என்று ஒதுக்கிவிடவும் இயலாது. அவர்கள் குடிப்பது நிலத்தடி நீர். ஊசுட்டேரி அதற்கு ஊட்டமளிக்கும் ஏரி. உள்வாயோரத்து வீடுகளின் கழிவுக்குழிகள் கசிவதும் அதே நிலத்துக்குள்தான்.

பிரெஞ்சு ஆட்சியில் பாசனக் குடிகள் தமக்குள் சங்கம் வைத்து ஏரிக் காரியங்களைப் பார்த்து வந்தார்கள். 1999-இல் தொடங்கி, ஐரோப்பிய யூனியனின் உதவியோடு இப்பிரதேசத்தின் 84 ஏரிகளைச் செப்பனிடும் வேலை நடந்தபோதும் ஏரிச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் சங்கத்துக்குப் பின்னே நிற்கவேண்டிய ஸ்தல சுயாட்சியின் கதை என்ன? 1880-ஆம் வருஷத்து பிரெஞ்சு உத்தரவால் பிறந்தவை கொம்யூன்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி அந்நியர் கொடி இறங்கிற்று. அதற்குப் பிறகு 1968-இல் ஒரு தேர்தல். 38 வருஷம் கழித்து 2006-இல் ஒரு தேர்தல். அந்தப் பதவிக்காலமும் 2011-இல் முடிந்த பின் வருஷக்கணக்காய் அதிகாரிகளின் நிர்வாகமே நடந்தது. ஏரி வாய்க்காலை மூடிவிட்டார்கள் என்று முறையிட வந்த குடியானவர், தாம் வோட்டுப் போட்ட ஒருவரும் இல்லாத கச்சேரியில் மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஊராட்சியில்லாத சுயராஜ்யத்தில் மனைத் தரகரே ஊர்ப் பெரியவராகிவிடுவதில் வியப்பில்லை.

வாங்குகிறவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சுருக்கமானது. மனையைக் கோடையில் பார்த்தவர்கள் கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று இவற்றோடு நில்லாமல், புலப்படத்தில் வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்பதையும் காணட்டும். மனைப் பிரிவுக்கு நகர அமைப்புக் குழுமத்தின் அனுமதி உண்டா என்று விசாரிக்கட்டும். தரகரை விட்டுவிட்டு, அந்த ஏரியில் மடை திறக்கும் ஆளிடம், போன பெருமழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்கட்டும்.

சர்க்கார் செய்யவேண்டியதும் பிரமாதமான காரியமன்று. கலங்கலின் உயரத்தைக் கொண்டு ஏரியின் முழு நீர்மட்டம் எங்கே வந்து முட்டும் என்பதைக் கோடையிலேயே அளந்து எல்லைக்கல் நடலாம். அந்த எல்லைக்குள்ளும் அதையடுத்தும் வரும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே உள்வாய், வாய்க்கால், ஆயக்கட்டு என்று ஒரே வார்த்தை குறித்து, அந்த ஜாபிதாவைக் கொம்யூன் பஞ்சாயத்துக் கச்சேரிச் சுவரிலும் ஸப்-ரிஜிஸ்திரார் கச்சேரியிலும் ஒட்டலாம். பத்திரத்தை மறுக்க ஸப்-ரிஜிஸ்திராருக்கு அதிகாரமில்லாவிடினும், வாங்க வருகிறவர் சுவரைப் படிப்பதை யாரும் தடுக்க முடியாது. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வருவாய்த் துறையின் நில ஆவணங்களும் பொதுப்பணித் துறையின் ஏரிக் கணக்குகளும் போதும். வரும் ஐப்பசி மழைக்கு முன் ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் மட்டுமாவது இந்த வேலையை முடிக்கும்படி புதுச்சேரி சர்க்காரையும், ஊசுட்டேரியின் மறுபாதிக்குத் தமிழ்நாட்டு சர்க்காரையும் வற்புறுத்துகிறோம்.