சான்றிதழும் அனுபவ ஆண்டுகளும் போதுமா? அலுவலக இயந்திரப் பழுதுநீக்குநர் தேர்வு பற்றிய ஒரு மறுப்பு

நகலெடுக்கும் இயந்திரம், லேசர் பிரிண்டர், ஸ்கேனர் முதலிய அலுவலகக் கருவிகளைப் பழுதுபார்ப்பவரை வழக்கில் ‘சர்வீஸ் இன்ஜினியர்’ என்பர். இப்பணிக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களிடையே ஒரு கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இன்றைய இயந்திரம் தன் பழுதைத் தானே எண்ணாகத் திரையில் காட்டிவிடுகிறது, வந்தவர் அந்த எண்ணுக்குரிய பாகத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் வேலை முடிந்தது, ஆகவே ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ சான்றிதழ், இத்தனை ஆண்டு அனுபவம் என்ற ஒரு வரி, பத்து நிமிட நேர்முகம் ஆகிய மூன்றும் ஒருவரை எடைபோடப் போதும்; பழுதான இயந்திரம் ஒன்றை முன்னால் வைத்து விண்ணப்பதாரரைச் சோதிப்பது வீண் செலவு என்பதே அக்கருத்து. இதன் ஒவ்வொரு கூறும் தவறானது அல்லது அரைகுறையானது. அத்தவற்றின் விலையை, தேவையில்லாத பாகத்துக்குப் பணம் கட்டும் வாடிக்கையாளரும், கைத்திறன் இருந்தும் காகிதம் இல்லாததால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் இளைஞரும் கொடுத்துக்கொண்டிருக்கின்றனர்.

முதற்கூறு, இயந்திரமே பழுதைச் சொல்லிவிடுகிறது என்பது. பிழை எண் என்பது இயந்திரத்தினுள் உள்ள ஓர் உணரி, அதாவது சென்சார், எதிர்பார்த்த நேரத்தில் எதிர்பார்த்த நிகழ்வைக் காணவில்லை என்னும் அறிவிப்பே தவிர, அது ஏன் நிகழவில்லை என்பதற்கான விடையன்று. ஹெச்.பி. லேசர்ஜெட் பிரிண்டர்களில் 13 என்று தொடங்கும் எண் தாள் சிக்கியதைக் குறிக்கிறது. தாள் உரிய நேரத்தில் உணரியை வந்தடையாததற்கோ, தாளைத் தட்டிலிருந்து இழுக்கும் பிக்கப் ரோலரின் ரப்பர் தேய்ந்து வழவழப்பானது காரணமாக இருக்கலாம். இரண்டு தாள்கள் சேர்ந்து போகாமல் தடுக்கும் செபரேஷன் பேட் தேய்ந்திருக்கலாம். உணரியை அசைக்கும் சிறு பிளாஸ்டிக் நெம்புகோல் உடைந்திருக்கலாம். அல்லது இயந்திரத்தில் எக்குறையும் இன்றி, ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் உறை பிரித்துத் திறந்தபடி வைக்கப்பட்ட தாள் ஈரத்தை உறிஞ்சிச் சுருண்டிருக்கலாம். எண் ஒன்றே, காரணங்களோ பல. எண்ணை மட்டும் படிப்பவர் ரோலரை மாற்றிவிட்டுச் செல்வார். மறுநாள் அதே ஈரத்தாள் மீண்டும் சிக்கும்.

இதனினும் தெளிவான சான்று 49 என்று தொடங்கும் பிழை. இப்பிழை தோன்றியதும் பிரிண்டர் செயலற்று நின்றுவிடுவதால், அச்சிடவேண்டிய தரவைப் படமாக மாற்றும் ஃபார்மேட்டர் போர்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, விலைமிக்க அப்பலகையை மாற்றச் சொல்வது எளிது. ஆனால் கணினியிலிருந்து வந்த ஏதோ ஒரு கோப்பில் உள்ள, பிரிண்டரின் உள்மென்பொருளால் கையாள முடியாத கட்டளையாலும் இப்பிழை அடிக்கடி எழுவதுண்டு. நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை மீண்டும் இயக்கிப் பார்த்தால், அது அமைதியாக நிற்கிறதா, மறுபடியும் பிழை காட்டுகிறதா என்பது சில நிமிடங்களில் புலப்படும். அமைதியாக நின்றால் பலகையின் மீது பழி போட இடமில்லை; வரிசையில் காத்திருக்கும் கோப்பையும் டிரைவரையும் பார்க்கவேண்டும். எண்ணைப் படிப்பதற்கும் பழுதை அறிவதற்கும் உள்ள இடைவெளி இதுதான். சான்றிதழோ அனுபவ ஆண்டோ இந்த இடைவெளியைக் கடக்கும் திறன் ஒருவருக்கு இருக்கிறது என்று உறுதி கூறுவதில்லை.

மேலும், அச்சுத்தரக் குறைகளுள் பலவற்றுக்கு எண்ணே கிடையாது. தாளில் ஒரே வகைக் கறை சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுமானால், திரை ‘தயார்’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். சுழலும் உருளை ஒன்றின் மேற்பரப்பில் உள்ள வடு, அவ்வுருளை ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் ஒருமுறை தாளில் பதிகிறது என்பதை அறிந்தவர் அளவுகோலை எடுத்து இடைவெளியை அளப்பார். அது ஏறத்தாழ 94 மில்லிமீட்டராக இருந்தால், 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையின் சுற்றளவு அதுவே என்பதால், அந்த அளவுடைய டிரம் மீது, அதாவது ஒளிபட்டு உருவம் பதியும் உருளையின் மீது, ஐயம் விழும். இடைவெளி 63 மில்லிமீட்டராயின் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேறோர் உருளையைத் தேடவேண்டும். இன்னொரு முறையும் உண்டு: அச்சு நடந்துகொண்டிருக்கும்போது இயந்திரத்தைப் பாதியில் நிறுத்தி, டிரம் மீதுள்ள டோனர் உருவத்தைப் பார்ப்பது. அங்கே உருவம் செம்மையாக இருந்தால், குறை அதைத் தாளுக்கு மாற்றும் கட்டத்திலோ, வெப்பத்தால் டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் பியூசரிலோ இருக்கிறது. அங்கேயே குறைபட்டிருந்தால் காரணம் அதற்கு முந்தியது. இயந்திரத்தை இரு பாதியாகப் பிரித்து ஐயத்தைக் குறுக்கும் இச்சிந்தனையே பழுதுநீக்கலின் உயிர்.

இத்தொழிலை நேரில் ஆராய்ந்த நூலொன்று, இயந்திரமே பழுதைச் சொல்லிவிடுகிறது என்ற கருத்துக்கு வலுவான மறுப்பாக அமைகிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் ஜூலியன் ஆர், நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்போருடன் பணியிடங்களுக்குச் சென்று அவர்கள் வேலை செய்யும் முறையை உற்றுநோக்கி, 1996இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். நிறுவனம் அளித்த கையேடு, இன்ன பிழைக்கு இன்னது செய்க என்று படிப்படியாகக் கட்டளையிடும் முறையில் எழுதப்பட்டிருந்தது. நடைமுறையில் எழுந்த பழுதுகளோ அக்கட்டளைகளுக்குள் அடங்கவில்லை. இயந்திரம் காட்டிய பிழை எண் உண்மைக் காரணத்தோடு பொருந்தாத ஒரு வேளையில், பழுதுநீக்குநரும் அவர் அழைத்துவந்த வல்லுநரும் முன்பு தாம் சந்தித்த இயந்திரங்களைப் பற்றிய செய்திகளை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, அவற்றைக் கண்முன் இருக்கும் அறிகுறிகளோடு ஒப்பிட்டு விடையை எட்டியதை அவர் பதிவுசெய்தார். இத்தகைய அறிவின் மதிப்பை உணர்ந்தே, பழுதுநீக்குநர்கள் தாம் கண்ட தீர்வுகளை எழுதிப் பகிர்ந்துகொள்ளும் ‘யுரேக்கா’ என்ற தரவுத்தொகுப்பை ஜெராக்ஸ் நிறுவனம் 1990களில் பிரான்சில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் விரித்தது. பாகம் மாற்றுவது மட்டுமே இவ்வேலை என்றால் இந்த ஏற்பாட்டுக்குத் தேவையே எழுந்திராது.

இரண்டாம் கூறு சான்றிதழ் பற்றியது. சான்றிதழ் பயனற்றது என்று இங்கே வாதிடப்படவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னியல் அடிப்படையைக் கற்றவர், இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்வழங்கிப் பலகையின் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதை அறிந்திருப்பார். அவ்வறிவு உயிர் காக்கும். ஆனால் சான்றிதழைக் கடக்கவே முடியாத வாயிலாக ஆக்குவது வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் என்ற வழக்கில் அளித்த தீர்ப்பு இவ்வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டுகிறது. வட கரோலினாவில் இருந்த ஓர் அனல்மின் நிலையம், மேற்பணிகளுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழையும், பின்னர் இரண்டு எழுத்துத் தேர்வுகளையும் தகுதியாக வைத்தது. அவற்றுள் ஒன்று, இயந்திர இயக்கம் பற்றிய புரிதலை அளப்பதாகக் கருதப்பட்ட பென்னட் தேர்வு. கறுப்பினத் தொழிலாளர்களைப் பெரும்பாலும் வடிகட்டிய இத்தகுதிகள் அந்தந்தப் பணியைச் செய்யும் திறனோடு தொடர்புடையவை என்று நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. சான்றிதழ் இல்லாமலே அப்பணிகளில் முன்பே இருந்த வெள்ளையர்கள் நன்றாகவே வேலை செய்துவந்தனர் என்பதையும் நீதிமன்றம் சுட்டியது. தகுதித் தேர்வு வைப்பதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. தேர்வு பணியோடு பொருந்தவேண்டும் என்றது. சென்னை ரிச்சி தெருவிலும் மாவட்டத் தலைநகரங்களின் ஜெராக்ஸ் கடைகளிலும் கார்ட்ரிட்ஜ் நிரப்பியும் பழைய இயந்திரங்களைப் பிரித்துக் கோத்தும் தொழில் கற்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களைச் சோதிக்காமலே தள்ளுபவர் தம் பணிக்கு எது தேவை என்பதைத் தாமே ஆராயாதவர் ஆவார்.

அனுபவ ஆண்டுகளைப் பற்றி நெடிது பேசத் தேவையில்லை. ஒரே மாதிரி இயந்திரத்தில் ஒரே பாகத்தைப் பல ஆண்டுகள் மாற்றியவருக்கும், இரண்டே ஆண்டுகளில் பலவகைப் பழுதுகளைத் தாமே அறிந்து தீர்த்தவருக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுக்கணக்கு மறைத்துவிடுகிறது. ஆளெடுப்பு முறைகள் பற்றிய ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. தேர்வில் ஒருவர் பெற்ற மதிப்பீட்டுக்கும் பின்னர் அவர் பணியில் காட்டிய திறனுக்கும் உள்ள உறவை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் குறிப்பர். 0 என்றால் உறவே இல்லை, 1 என்றால் முழு ஒத்திசைவு. பல ஆய்வுகளைத் தொகுத்து சாக்கெட் உள்ளிட்ட நால்வர் 2022இல் வெளியிட்ட மறுமதிப்பீட்டில் அனுபவ ஆண்டுகளுக்குக் கிடைத்த எண் 0.07 மட்டுமே. மனம்போன போக்கில் கேள்வி கேட்கும் நேர்முகத்துக்கு 0.19. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்பே வகுத்த மதிப்பெண் முறை என்று ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்முகத்துக்கோ 0.42. எனவே மூன்றாம் கூறான பத்து நிமிடப் பேச்சும், அது இன்று நடத்தப்படும் வடிவில், நம்பத்தக்கதன்று. அப்பேச்சில் பெரும்பாலும் அளக்கப்படுவது விண்ணப்பதாரரின் ஆங்கிலச் சரளமும் சட்டையின் மடிப்புமே என்பது வருந்தத்தக்கது.

பேச்சுத்திறன் இப்பணிக்கு வேண்டாம் என்பதும் ஆகாது. இயந்திரத்தை நாள்தோறும் இயக்கும் எழுத்தரிடம், எப்போதிருந்து இப்படி, எந்தத் தட்டிலிருந்து எடுக்கும்போது, தாள் கட்டு அண்மையில் மாறியதா என்று கேட்டறிவதே பழுதறிதலின் முதற்படி. அக்கேள்விகள் எழுத்தரின் மொழியில், அவரைக் குற்றவாளியாக்காத தொனியில் கேட்கப்படவேண்டும். எனவே நேர்முகம் நடத்துவோர், தம்முள் ஒருவரைக் கோபமுற்ற வாடிக்கையாளராக அமரவைத்து, விண்ணப்பதாரர் அவரிடமிருந்து செய்தியை எவ்வாறு பெறுகிறார் என்று பார்ப்பதே பொருத்தமானது.

இறுதிக் கூறு, செய்முறைத் தேர்வு வீண் செலவு என்பது. இதற்கு வேண்டியது கழிக்கப்பட்ட ஒரு பிரிண்டரும் முக்கால் மணி நேரமும் மட்டுமே. தேய்ந்த பிக்கப் ரோலர் ஒன்றை மாட்டிவைக்கலாம். கீறலுற்ற டிரம்மை வைத்து, இடைவெளியை அளக்கத் தோன்றுகிறதா என்று கவனிக்கலாம். மூன்றாவதாக, எந்தப் பாகமும் கெடாத ஒரு குறையைக் கட்டாயம் வைக்கவேண்டும்: தட்டில் தடித்த தாளை வைத்து, அமைப்பில் மெல்லிய தாள் என்று குறித்துவிட்டால், பியூசர் அத்தாளுக்குப் போதிய வெப்பம் தராமல், விரலால் தேய்த்தால் டோனர் உதிரும் நிலை உண்டாகக்கூடும். பியூசரை மாற்றவேண்டும் என்று உடனே சொல்பவர் யார், அமைப்பைத் திறந்து பார்ப்பவர் யார் என்பது இங்கே வெளிப்பட்டுவிடும். இயந்திரத்தின் நிலைப்பக்கத்தை முதலில் அச்சிட்டாரா, ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தாரா, பியூசரைத் தொடுமுன் மின்னிணைப்பைத் துண்டித்து ஆறவிட்டாரா, கழற்றிய டிரம்மை ஒளிபடாமல் மூடிவைத்தாரா, தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரா என்பவற்றுக்கான மதிப்பெண் தேர்வுக்கு முன்பே எழுதிவைக்கப்படவேண்டும். குறையைக் கண்டுபிடிக்காவிட்டாலும் சரியான வழியில் ஐயத்தைக் குறுக்கியவருக்கு, தற்செயலாகச் சரியான பாகத்தைத் தொட்டவரைவிட அதிக மதிப்பெண் தருவதே நேர்மை.

செய்முறைத் தேர்வின் வலிமையை மிகைப்படுத்தவும் கூடாது. 1998இல் ஷ்மிட், ஹன்ட்டர் இருவரும் தொகுத்த ஆய்வில் இதற்குக் கிடைத்த எண் 0.54, 2022 மறுமதிப்பீட்டில் அது 0.33 ஆகக் குறைந்தது, ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்முகத்தையும்விடக் கீழே. ஆயினும் அனுபவ ஆண்டுகளையும் ஒழுங்கற்ற பேச்சையும்விட அது மேலே நிற்கிறது. ஆகவே இங்கே பரிந்துரைக்கப்படுவது செய்முறைத் தேர்வும் ஒழுங்கான நேர்முகமும் சேர்ந்த முறையே. சான்றிதழ், அவ்விரண்டுக்கும் பின்னர் கருதப்படவேண்டிய துணைச் சான்று.

இம்முறையை ஏற்கும் நிறுவனங்கள் ஒரு வரம்பை மீறலாகாது. ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின்கீழ் வாடிக்கையாளரிடமிருந்து வந்த இயந்திரத்தைத் தேர்வென்ற பெயரில் விண்ணப்பதாரரைக் கொண்டு பழுதுபார்த்து வாங்குவது கூலியில்லா வேலை, அது சுரண்டல். தேர்வுக்கு வைக்கப்படும் இயந்திரம் நிறுவனத்துக்கே உரியதாக, குறை முன்பே அறியப்பட்டதாக இருக்கட்டும். வெளியூரிலிருந்து வருபவருக்கு வழிச்செலவும், தேர்வில் தவறியவருக்கு எங்கே தவறினார் என்ற விளக்கமும் கொடுக்கப்படட்டும்.