சிவப்பு வட்டாரத்தில் யார்?

நச்சுவாயு கசிந்தால் எதுவரை பரவும் என்று கணிக்கும் ‘அலோகா’ மென்பொருளை இயக்கிப் பார்த்தேன். அமெரிக்க அரசுத் துறைகள் உருவாக்கியது. வேதிப்பொருள், காற்றின் திசை, வேகம் எல்லாம் கேட்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என அபாய வட்டாரங்களை வரைகிறது. சிவப்புக்குள் வாழ்பவர்கள் யார், ஏன் அங்கே வாழ்கிறார்கள் என்று அது கேட்பதில்லை.

1984 டிசம்பரில் போபால் யூனியன் கார்பைடு ஆலையின் நச்சுவாயு, எதிரே இருந்த ஜெயப்பிரகாஷ் நகர் குடிசைகளுக்குள் புகுந்து கொன்றது. ஊருக்கு வெளியே சேரியை ஒதுக்கிய அதே மனம்தான் ஆலைச் சுவரோரத்தை ஏழைகளுக்கு விடுகிறது.

ஆபத்துக்குள்ளாகக்கூடிய மக்களுக்கு முன்பே தகவல் தர வேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகள். உங்கள் தெருவுக்கு யாராவது வந்து சொன்னார்களா? தோழர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அந்த வரைபடம் ஆட்சியர் அலுவலக அலமாரியில் இருந்தால் போதாது. சேரியின் சுவரில், தமிழில் ஒட்டப்பட வேண்டும்.